இரவு ஷிஃப்டில் காபி பிரேக்: சீட்டுக்கு ஆள் வைப்பதிலிருந்து காசு பிரிப்பது வரை ஒரு முழு வழிகாட்டி

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு டெக் சப்போர்ட் கொடுக்கும் டீம்களில், இரவு ஒன்பதரைக்கு லாகின் ஆகி காலை ஆறரைக்கு வெளியே வருபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மருத்துவமனை, தொழிற்சாலை, டோல்கேட் என்று வேறு இடத்தில் இரவு வேலை பார்ப்பவர்கள் நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

புதிதாக வருகிறவர்கள் பழகத் தொடங்குவது பெரும்பாலும் பேச்சிலிருந்துதான். இல்லையென்றால் முதல் சம்பளத்தில் எல்லாருக்கும் பிரியாணி. இரண்டும் கடைசியில் வர வேண்டியவை. ஒரே ஆட்கள், ஒரே நேரத்தில், தினமும், யார் வேலைக்கும் இடைஞ்சல் இல்லாமல் பதினைந்து நிமிடம் சேர்ந்து எழுந்து போக முடிந்தால்தான் இரவு ஷிஃப்டில் நட்பு ஒட்டும். எனவே வரிசை இதுதான்: எழுந்து போகிறவரின் சீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள், அடுத்து நேரம், அடுத்து காபி, அடுத்து காசு, பேச்சு எல்லாவற்றுக்கும் பின்னால். வரிசையை மாற்றிய டீம்களில் ஒரு மாதத்துக்குள் ஆளாளுக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனித்தனியாக வெண்டிங் மெஷின் முன்னால் நிற்கிறார்கள்.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

உங்கள் ஷிஃப்டில் எத்தனை நிமிடம் பிரேக் என்பதை டி.எல்.-இடம், அதாவது டீம் லீடரிடம், கேட்டு உறுதி செய்யுங்கள். பல இடங்களில் பதினைந்து நிமிடம் இரண்டு, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் ஒன்று என்று இருக்கும். சாஃப்ட்போனில் (கம்ப்யூட்டரில் கால் எடுக்கும் மென்பொருள்) எந்தப் பிரேக்குக்கு எந்த ஆக்ஸ், அதாவது நீங்கள் ஏன் கால் எடுக்கவில்லை என்று காட்டும் குறி, போட வேண்டும் என்பதையும் கேளுங்கள். டீ பிரேக்குக்குப் போய்விட்டு ‘மீட்டிங்’ ஆக்ஸில் இருந்தால் மாதக் கடைசியில் ரிப்போர்ட்டில் தெரியும். அதோடு உங்கள் குழுவின் பிரேக் மொத்தமும் சந்தேகத்துக்குள்ளாகும்.

அடுத்தது பேன்ட்ரி, அதாவது ஆபீஸின் காபி அறை. இரவில் திறந்திருக்கிறதா, மைக்ரோவேவ் இருக்கிறதா, ஃபிரிட்ஜில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்தக் கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு எதையும் கொண்டுவராதீர்கள். தீப் பாதுகாப்புக்காகப் பெரும்பாலான வளாகங்களில் அவற்றுக்கு அனுமதி கிடையாது. ஒரு முறை பிடிபட்டால் ஃபெசிலிட்டீஸ்காரர்கள் ஃபிரிட்ஜில் வைக்கும் பால் பாக்கெட்டைக்கூடக் கேள்வி கேட்பார்கள்.

வாடிக்கையாளரின் கிரெடிட், டெபிட் கார்டு விவரங்களைக் கையாளும் ஃப்ளோராக இருந்தால் போன், பேனா, பேப்பர் எதுவும் உள்ளே போகாது. அங்கே வாட்ஸ்அப்பை நம்பித் திட்டம் போட முடியாது. பிரேக் நேரத்தைப் பேன்ட்ரிச் சுவரில் ஒரு தாளில் ஒட்டிவைப்பதுதான் வழி.

1. முதலில் சீட்டுக்கு ஆள்

எல்லாரும் சேர்ந்து எழுந்து போவதுதான் புதிய குழுக்கள் செய்யும் முதல் தவறு. பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேன்ட்ரிக்குப் போனால் மீதி இரண்டு பேர் தலையில் போன் கால் குவியும். எஸ்.எல்.ஏ., அதாவது இவ்வளவு நேரத்துக்குள் பதில் சொல்வோம் என்று வாடிக்கையாளருக்குக் கொடுத்த கணக்கு, விழும். மறுநாள் டி.எல். “இனிமேல் ஒவ்வொருத்தரா போங்க” என்பார். நியாயமான உத்தரவுதான். ஆனால் அதோடு உங்கள் கூட்டுப் பிரேக் முடிந்தது.

டீமை இரண்டு பேட்சாகப் பிரியுங்கள். எப்படிப் பிரிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நண்பர்களெல்லாம் ஒரு பேட்ச், மற்றவர்கள் இன்னொன்று என்று பிரிக்காதீர்கள். ஒரு பேட்ச் எழுந்து போனால் மிச்சமிருக்கும் பேட்சில் எஸ்கலேஷனை (சிக்கலாகி மேலே போகும் கேஸை) எடுக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் பிரித்தால் ஒவ்வொரு பேட்சிலும் ஒன்றிரண்டு சீனியர், ஒன்றிரண்டு புதியவர், நடுவில் சிலர் என்று தானாகவே கலந்துவிடும். ஒரே காலேஜ்காரர்கள், ஒரே ஊர்க்காரர்கள் ஒரு மூலையில் ஒதுங்குவதும் இதில் குறையும்.

பேட்சை வாரா வாரம் மாற்றாதீர்கள். எல்லாரோடும் எல்லாரும் பழகட்டும் என்று நல்லெண்ணத்தில்தான் மாற்றுவார்கள். ஆனால் வீக் ஆஃப் போக வாரத்தில் சேர்ந்து உட்காருவது நான்கைந்து இரவுதான். அதற்குள் ஒருவருக்குச் சர்க்கரை அரை ஸ்பூனா ஒரு ஸ்பூனா என்பது மட்டும்தான் தெரிந்திருக்கும். ஒரு மாதமாவது ஒரே பேட்ச் இருக்கட்டும்.

எழும்போது செய்ய வேண்டியது ஒன்றுண்டு. எந்த டிக்கெட், அதாவது வாடிக்கையாளரின் எந்தப் புகார், பாக்கி என்று பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் வாயால் சொல்லிவிட்டுப் போங்கள். “அக்கா, எனக்கு ரெண்டு டிக்கெட் பெண்டிங்ல இருக்கு. ஒண்ணு கஸ்டமர் ரிப்ளைக்கு வெயிட்டிங், இன்னொண்ணு பன்னெண்டு மணிக்குள்ள கூப்பிடணும். நான் வந்து பாத்துக்கறேன்.” இவ்வளவுதான். எந்த டிக்கெட் எரியப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தால் உங்களைப் பாதிக் காபியில் போன் போட்டுக் கூப்பிட மாட்டார். நீங்களும் திரும்பி வந்ததும், “போயிட்டு வாங்க, நான் இருக்கேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் உட்கார்ந்தால் அடுத்த பேட்ச் எழுந்திருக்கத் தயங்கிக்கொண்டே ஐந்து நிமிடத்தை இழக்கும். நான் பார்த்தவரை, காபியில் பழகினவர்களைவிட இப்படி ஒருவர் சீட்டை ஒருவர் பார்த்துக்கொண்டவர்கள்தான் நெருங்கிய நண்பர்களாகிறார்கள்.

போன் கால் நடுவில் மாட்டிக்கொண்டவருக்காகப் பேட்ச் முழுவதும் காத்திருக்க வேண்டாம். அவர் கையசைத்தால் கிளம்பிவிடுங்கள். அவருடைய டம்ளரை மூடி வைத்தால் போதும்.

2. நேரத்தைக் கடிகாரத்தில் குறியுங்கள்

“ஃப்ரீ ஆனதும் போலாம்” என்பது இரவில் நடக்காது. இரவு முழுவதும் யாராவது ஒருவர் ஃப்ரீயாக இருக்க மாட்டார்.

கலிஃபோர்னியாவின் காலை 9 மணி, கோடையில் நமக்கு இரவு 9:30. அங்கே மதியச் சாப்பாட்டு நேரமான 12 முதல் 1 மணி வரை, நமக்கு நள்ளிரவு 12:30 முதல் 1:30. வாடிக்கையாளர்கள் அலுவலகக்காரர்களாக இருந்தால் பொதுவாக அந்த ஒரு மணி நேரம் கால் கொஞ்சம் தணியும். சாப்பாட்டுப் பிரேக்கை அங்கே வையுங்கள். இப்படி ஒரு அட்டவணை சரியாக வரும்:

முதல் பிரேக், காபி: முதல் பேட்ச் 11:15, இரண்டாம் பேட்ச் 11:35.
சாப்பாடு: 12:40, 1:15.
கடைசிப் பிரேக்: 4:10, 4:30.

இரண்டு பேட்சுக்கும் நடுவில் ஐந்து நிமிட இடைவெளி விட்டிருப்பதைக் கவனியுங்கள். இது இல்லாவிட்டால் முதல் பேட்ச் இரண்டு நிமிடம் தாமதமாக வரும், இரண்டாம் பேட்ச் முகம் சுளிக்கும், பத்து நாளில் இரண்டு கோஷ்டி ஆகிவிடும்.

கடைசிப் பிரேக்கை நான்கு மணிக்கு மேல் தள்ளியிருப்பதற்குக் காரணம் உடம்பு. விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள்தான் உடலின் வெப்பநிலை மிகவும் இறங்கும். கண்ணும் கவனமும் கூடவே இறங்கும். டிக்கெட்டில் தப்பான கஸ்டமர் பெயரை அடிப்பது, மியூட் போடாமல் கொட்டாவி விடுவது எல்லாம் இந்த நேரத்தில்தான். பிரேக்கை மூன்று மணிக்கே தீர்த்துவிட்டால் இந்தப் பள்ளத்தைத் தாண்டக் கையில் ஒன்றும் இருக்காது.

3. காபிக்குக் கடைசி மணி உண்டு

புதியவர்கள் தூக்கம் வரும்போது காபி குடிக்கிறார்கள். அதாவது நான்கு மணிக்கு. ஷிஃப்ட் ஓடிவிடும், தூக்கம்தான் வராது. எட்டரைக்குப் படுத்து, பத்து மணி வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறுநாள் இன்னும் களைப்பு, இன்னும் இரண்டு காபி. இரண்டு வாரத்தில் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

குடித்த காஃபீனில் பாதி உடலிலிருந்து நீங்கவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது மாறும். புகைபிடிப்பவர்களுக்குச் சீக்கிரம் நீங்கும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மெதுவாக நீங்கும். நான்கரை மணிக் காபியில் பாதி, காலை ஒன்பதரைக்கும் உள்ளேயே இருக்கிறது என்று பொருள். அதனால் முதல் பிரேக்கில் ஒரு டம்ளர், சாப்பாடு முடிந்து ஒன்றே முக்கால், இரண்டு மணிக்குள் வேண்டுமானால் அரை டம்ளர். அதோடு நிறுத்துங்கள்.

அப்படியானால் 4:10 பிரேக்கில் என்ன? காபி இல்லாத காபி பிரேக். சுக்கு மல்லி, வெந்நீரில் இஞ்சி எலுமிச்சை, இல்லை சும்மா சூடான பால். கையில் சூடாக ஒரு டம்ளர் இருந்தால் போதும், ஆட்கள் உட்கார்ந்து பேசுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் பெரிய விஷயமில்லை. முடிந்தால் உட்காராமல் வெளிச்சமான இடத்தில் ஒரு சுற்று நடங்கள்.

ஒருவர் காபி வேண்டாம் என்றால் ஏன் என்று துருவாதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் காஃபீனை நாளுக்கு 200 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்வார்கள் மருத்துவர்கள். இன்னும் வீட்டில்கூடச் சொல்லாத ஒருவரிடம் “என்னக்கா, திடீர்னு காபி வேண்டாங்கறீங்க?” என்று பேட்ச் முன்னால் கேட்பது எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள்.

4. டிகாக்‌ஷன் வீட்டில், பால் ஆபீஸில்

வெண்டிங் மெஷின் காபியே போதும் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். ஆனால் மெஷினில் போடும் ப்ரீமிக்ஸில் பெரும்பாலும் சர்க்கரை ஏற்கெனவே கலந்திருக்கும். டீமில் ஒரு சர்க்கரை நோயாளி இருந்தாலே மாற்று தேவை. இன்னொரு காரணம்: மெஷின் முன் ஆளுக்கு ஒரு நிமிடம் வரிசையில் நின்றால் ஆறு பேருக்கு ஆறு நிமிடம். பதினைந்தில் அது பெரிய பங்கு.

ஆபீஸில் ஃபில்டர் வைத்து இறக்க நேரமில்லை. ஒவ்வொரு வாரமும் ஒருவர் வீட்டிலேயே டிகாக்‌ஷன் இறக்கி, கண்ணாடி பாட்டிலில் கொண்டுவர வேண்டும். எட்டு பேருக்கான அளவு: 60 கிராம் தூள், கொதித்த தண்ணீர் 360 மில்லி. தூள் நனைந்து உறிஞ்சியது போக 240 மில்லி அளவுக்கு இறங்கும். ஆளுக்கு 30 மில்லி. பால் ஒரு லிட்டர். ஆவின் பச்சை பாக்கெட் அரை லிட்டர் இரண்டு எடுத்தால் சரி. நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5. நீலப் பாக்கெட்டில் காபி கொஞ்சம் தண்ணியாகத்தான் இருக்கும்.

மாலை ஆறு மணிக்கு ஃபில்டரில் தண்ணீர் ஊற்றிவிட்டால் கேப் வருவதற்குள் தாராளமாக இறங்கிவிடும். அவசரத்தில் மேல் பாத்திரத்தைத் தட்டி இறக்காதீர்கள். வண்டல் இறங்கி அடியில் தங்கும்.

தூள் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். காபி சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. எவ்வளவு கலந்திருக்கிறது என்று பாக்கெட்டில் போட்டிருப்பார்கள். சிக்கரியில் காஃபீன் கிடையாது. அது நிறமும் திடமும்தான் தரும். கறுப்பாக இருக்கிறதே, தூக்கம் போய்விடும் என்று நினைப்பது தப்பு. அதே போல ரோபஸ்டா கொட்டையில் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன் உண்டு. இந்த வாரக்காரர் அராபிகா, அடுத்த வாரக்காரர் ரோபஸ்டா என்று மாற்றி மாற்றிக் கொண்டுவந்தால் ஒருவருக்குப் படபடப்பு, இன்னொருவருக்கு ஏமாற்றம். ஒரே கடை, ஒரே கலவை என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆபீஸுக்கு வந்ததும் டிகாக்‌ஷனும் பாலும் நேராக ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். பாலைப் பையிலேயே வைத்துவிட்டு லாகினுக்கு ஓடுவது வழக்கமான தவறு. வெளியே நெடுநேரம் இருந்தால் சூடாக்கும்போது திரிந்துவிடலாம். பாக்கெட் மேல் மார்க்கரில் டீம் பெயரும் தேதியும் எழுதுங்கள். எழுதாத பாலை இரவு ஷிஃப்டில் யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். அதைத் திருட்டு என்று யாரும் நினைப்பதுமில்லை.

இனி சூடாக்குவது. ஸ்டீல் பாத்திரத்தை மைக்ரோவேவில் வைக்கவே வைக்காதீர்கள். வீட்டுப் பழக்கத்தில் எவர்சில்வர் டம்ளரோடு உள்ளே வைத்துப் பொறி பறக்கவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் பாதி அளவுக்கு மட்டும் பால் ஊற்றுங்கள். ஒன்றரை நிமிடம் வைத்து, எடுத்து, ஸ்பூனால் ஒரு கலக்கு கலக்கி, மறுபடியும் ஒரு நிமிடம். கலக்காமல் தொடர்ந்து வைத்தால் மேலே அமைதியாக இருக்கும் பால், கதவைத் திறந்து ஸ்பூன் பட்டதும் புஸ்ஸென்று பொங்கிக் கையில் கொட்டும். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வந்து ஆடை லேசாகச் சுருங்கினால் எடுத்துவிடலாம்.

டிகாக்‌ஷனைத் தனியாகச் சூடாக்க வேண்டாம். மறுபடி கொதித்தால் கசப்பு ஏறும். கொதிக்கும் பாலில் குளிர்ந்த டிகாக்‌ஷன் ஊற்றினாலே குடிக்கும் சூட்டுக்கு வந்துவிடும். சர்க்கரையை ஆளாளுக்குப் போட்டுக்கொள்ள விடுங்கள்.

பால் சூடாக்குவதற்கு என்று பேட்சில் ஒருவர் மூன்று நிமிடம் முன்னால் எழுந்து போகலாம். அந்த மூன்று நிமிடம் அவருடைய பதினைந்தில் சேர்த்தி. எனவே அவர் மற்றவர்களுக்கு முன்பே சீட்டுக்குத் திரும்ப வேண்டும். தினமும் அதே ஆளை அனுப்பாதீர்கள்.

5. காசு: மாத ஆரம்பத்தில், ஒருவரிடம்

கப்புக்கு இவ்வளவு என்று வசூலித்தால் தினமும் கணக்கு, தினமும் சில்லறைச் சண்டை. மாதத்துக்கு ஒரு தொகை என்று வைத்துச் சம்பளம் வந்த இரண்டு நாளில் ஒருவருக்கு ஜிபேயிலோ போன்பேயிலோ அனுப்பிவிடுங்கள். தொகையைக் கண்டுபிடிக்கும் வழி: ஓர் இரவுக்கான தூள், பால், சர்க்கரை விலையைக் கூட்டி, வேலை நாட்களால் பெருக்கி, ஆட்களால் வகுத்து, அடுத்த பத்து ரூபாய்க்கு ஏற்றுங்கள். மிஞ்சுவது சுக்கு மல்லிப் பொடிக்கும் பிஸ்கட்டுக்கும்.

பணம் வைத்திருப்பவர் டி.எல்.-ஆக இருக்கக் கூடாது. மேலதிகாரியிடம் “இந்த மாசம் கொஞ்சம் டைட், அடுத்த மாசம் தர்றேன்” என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாதவர் வெட்கப்பட்டு மெதுவாகப் பிரேக்குக்கு வருவதையே நிறுத்திவிடுவார். கான்ட்ராக்டில் இருப்பவர்களுக்கும் டிரெய்னிகளுக்கும் சம்பளம் தள்ளி வருவது சகஜம். அவர்கள் முதல் மாதம் பணம் தர வேண்டாம் என்று விதியாகவே வைத்துவிடுங்கள். யாரும் சலுகை கேட்க வேண்டியிருக்காது.

முதல் சம்பள ட்ரீட்டைப் பற்றி: புதியவர் பெருந்தொகை செலவழிக்க முன்வந்தால் சிரித்துக்கொண்டே தடுத்துவிடுங்கள். அடுத்து வருகிறவருக்கும் அதே கட்டாயம் வந்துவிடும். ஒரு பாக்கெட் பால்கோவாவோ, ஊரிலிருந்து கொண்டுவந்த கடலை மிட்டாயோ போதும். அதிலும் ஊர்த் தின்பண்டம் நல்லது. சாத்தூர் சேவு மேஜைக்கு வந்தால் சாத்தூரைப் பற்றிய பேச்சும் தானாக வரும்.

கைமாற்று கேட்பதும் கொடுப்பதும் காபிக் குழுவுக்குள் வேண்டாம். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற தொகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில் கடன் வாங்கியவர் முதலில் விலகுவது பிரேக் மேஜையிலிருந்துதான்.

6. கழுவுகிற வேலை யாருக்கு

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் உண்டு. பெண்கள் இருக்கும் பேட்சில் கிண்ணம், ஸ்பூன், பாட்டில் கழுவுவது மூன்றாம் நாளே அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. யாரும் சொல்லி அல்ல. அவர்கள் எழுந்து எடுக்கிறார்கள், மற்றவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். டிகாக்‌ஷன் கொண்டுவருவதும் அப்படியே. “அக்கா கையால போட்டாதான் காபி” என்று பாராட்டுவதுபோலச் சொல்லி வேலையைத் தள்ளிவிடுவார்கள்.

ஒரு தாளில் தேதியும் பெயரும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். டிகாக்‌ஷன் வாரத்துக்கு ஒருவர், கழுவுவது இரவுக்கு ஒருவர். பேச்சிலர் அறையில் இருக்கிறேன், ஃபில்டர் இல்லை என்கிறவருக்குக் குழுவின் காசில் ஒரு ஃபில்டர் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். முதல் வாரம் அவர் கொண்டுவருவது வெந்நீர் மாதிரி இருக்கும். பொறுத்துக்கொண்டு குடிக்க வேண்டியதுதான்.

7. புதியவரைச் சேர்ப்பது

புதிதாக வந்தவர் நீங்கள் என்றால், முதல் வாரம் அழைப்புக்குக் காத்திருக்காதீர்கள். பழையவர்கள் உங்களை ஒதுக்கவில்லை. நீங்கள் காபி குடிப்பவரா இல்லையா என்றே அவர்களுக்குத் தெரியாது. பக்கத்து சீட்டுக்காரரிடம் “அண்ணா, நீங்க எத்தனை மணி பிரேக்? நானும் வரலாமா?” என்று கேட்டால் முடிந்தது. ஹெட்போனைக் கழுத்திலிருந்துகூடக் கழற்றி சீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். காதில் மாட்டியிருப்பவரிடம் இரவில் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

பழையவர் என்றால் உங்கள் வேலை ஒன்றுதான். முதல் நாள் புதியவருக்கு ஒரு டம்ளரைக் காட்டி, “இது உங்களோடது” என்று சொல்லிவிடுங்கள். பேப்பர் கப் கொடுத்தால் அவர் விருந்தாளியாகவே இருப்பார்.

எப்படி அழைப்பது என்று சிலர் குழம்புகிறார்கள். வயதில் மூத்தவர் அண்ணா, அக்கா. வயது தெரியவில்லை என்றால் பெயரோடு நீங்க, வாங்க. ஆங்கிலத்தில் சார் கூடாது என்று கம்பெனி சொன்னாலும், தமிழில் முதல் நாளே “மச்சி” என்று தோளில் கை போடுவது பலருக்குப் பிடிக்காது. அது தானாக வரும்போது வரட்டும். செக்யூரிட்டியும் ஹவுஸ் கீப்பிங் அக்காவும் அதே இரவு முழுவதும் விழித்திருப்பவர்கள்தான். ஒரு டம்ளர் கூடுதலாகக் கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

மேஜையில் ஒருவருக்காவது தமிழ் தெரியாது என்றால் பேச்சை அவருக்கும் புரிகிற மொழியில் தொடங்குங்கள். நடுவில் தமிழுக்குத் தாவுவது இயல்பு. சிரிப்பு வந்தால் மட்டும் அவருக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

8. பேச்சு

முதல் பிரேக்கில் வேலையைப் பற்றிப் பேசலாம், திட்டலாம். கஸ்டமரைத் திட்டுவதில் ஆபத்து இல்லை, அவர் பதிமூன்றாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறார். அங்கே இல்லாத டீம் ஆளைத் திட்டாதீர்கள். இரண்டாவது பேட்சில் அவர் அதே மேஜையில், அதே நாற்காலியில் உட்காரப்போகிறார். செய்தி உங்களுக்கு முன்னால் போய்ச் சேரும்.

நான்கு மணிப் பேச்சு வேறு ரகம். தூக்கக் கலக்கத்தில் மனம் இளகும். பகலில் வாயே திறக்காதவர்கள் கல்யாணப் பேச்சு முறிந்தது, அப்பாவின் டயாலிசிஸ், வீட்டுக்கடன் என்று எல்லாம் சொல்வார்கள். கேளுங்கள். அறிவுரை வேண்டாம். சொன்னதை நீங்களாக மறுநாள் எடுக்காதீர்கள். அவரே எடுத்தால் பேசுங்கள். மூன்றாவது ஆளுக்குப் போகவே கூடாது. உங்களுக்கும் அதே எச்சரிக்கைதான். ராஜினாமா யோசனை, வேறு கம்பெனி இன்டர்வியூ, இன்க்ரிமென்ட் தொகை மூன்றையும் அந்த நேரத்தில் வாயில் வரவிடாதீர்கள். தூங்கி எழுந்த பிறகும் சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள்.

பேசாமல் உட்கார்ந்திருக்கிறவரைப் பேசவைக்க முயலாதீர்கள். தினமும் வந்து உட்காருகிறார் இல்லையா, அவர் குழுவில்தான் இருக்கிறார்.

9. வாட்ஸ்அப் குரூப்

குரூப் ஒன்று தேவைதான். பால் யார், டிகாக்‌ஷன் யார், இன்று யார் லீவு என்பதற்கு மட்டும். காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை ஒரு மெசேஜும் கூடாது என்று முதல் நாளே விதி போடுங்கள். நமக்கு அது நள்ளிரவு. வீக் ஆஃபில் இருப்பவர் மதியம் உற்சாகமாக அனுப்பும் மீம் ஆறு பேரின் தூக்கத்தைக் கெடுக்கும். பிறந்தநாள் வாழ்த்துகூட மாலை நான்குக்குப் பிறகுதான். கஸ்டமர் விவரம், ஸ்க்ரீன்ஷாட் எதுவும் அதில் போகக் கூடாது, வேலையே போய்விடும்.

10. கேட்டுக்கு வெளியே டீக்கடை

பதினைந்து நிமிடத்தில் வெளியே போய் வர முடியாது. லிஃப்ட், டர்ன்ஸ்டைல், பேக் செக்கிங் சேர்த்தாலே பாதி ஓடிவிடும். சாப்பாட்டுப் பிரேக்கில் மட்டும், அதுவும் வாரத்தில் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் கேனோடு வருகிற சுக்கு காபிக்காரர் எத்தனை மணிக்கு எந்த கேட் பக்கம் நிற்பார் என்பதைச் செக்யூரிட்டி அண்ணாவிடம் கேட்டால் துல்லியமாகச் சொல்வார். போகும்போது மூன்று பேராவது சேர்ந்து போங்கள். ஐடி கார்டைக் கழற்றிப் பையில் போடுங்கள், தொலைத்தால் உள்ளே வருவது பெரும்பாடு.

வெளியே வர விருப்பமில்லாதவர்களையும், கம்பெனி விதிப்படி இரவில் தனியே வெளியே போக முடியாதவர்களையும் உள்ளே விட்டுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டால் குழு இரண்டாகும். அதனால்தான் வாரத்தில் ஒரு நாள் என்கிறேன்.

11. மார்ச்சிலும் நவம்பரிலும் அட்டவணை மாறும்

இதைப் பழையவர்களே மறந்துவிடுவார்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னால் இழுப்பார்கள். நம் கடிகாரம் மாறாது. எனவே நவம்பரில் கலிஃபோர்னியாவின் 9 மணி நமக்கு இரவு 10:30 ஆகும். ஷிஃப்ட் காலை 7:30 வரை நீளும். மேலே கொடுத்த எல்லா நேரத்தையும் ஒரு மணி நேரம் தள்ளி, சுவரில் ஒட்டிய தாளை மாற்றுங்கள்.

கடைசிப் பிரேக்கை மட்டும் அப்படியே தள்ளாதீர்கள். 5:10-க்குப் போனால் உடம்பின் பள்ளம் முடிந்தே போயிருக்கும். 4:30-க்கு வையுங்கள். அந்த வாரம் கேப் நேரமும் மாறும், டிகாக்‌ஷன் இறக்கும் நேரமும் மாறும். பால் வாங்கும் கடை பத்து மணிக்குச் சாத்துகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

12. லாக் அவுட்டுக்கு முன்

கடைசி அரை மணி நேரம் ஹேண்டோவருக்கு, அதாவது அடுத்த ஷிஃப்டிடம் வேலையை ஒப்படைப்பதற்கு. அந்த நேரத்தில் யாரும் பேன்ட்ரிக்குப் போகக் கூடாது. அரைகுறையாக எழுதிய ஹேண்டோவர் நோட்டுக்காகக் காலை பத்து மணிக்கு உங்களை எழுப்புவார்கள்.

4:10 பிரேக்கிலேயே ஒன்றைக் கவனித்துவிடுங்கள்: இன்று யார் பைக்கில் வீட்டுக்குப் போகிறார்? அவர் கண் சொருகினால் காபி கொடுத்து அனுப்புவது சரியான உதவி இல்லை. அது அவருடைய பகல் தூக்கத்தையும் கெடுக்கும். லாக் அவுட் ஆனதும் டார்மிட்டரியில் இருபது நிமிடம் படுக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் தூங்கினால் எழும்போது மந்தமாக இருக்கும், எனவே அலாரம் உங்கள் போனில் இருக்கட்டும். எழுந்த உடனே வண்டியை எடுக்க விடாமல் முகம் கழுவி, பத்து நிமிடம் நடந்த பிறகு அனுப்புங்கள். அப்படியும் தெளியவில்லை என்றால் பைக்கைப் பார்க்கிங்கிலேயே விட்டுவிட்டுக் கேப்பில் ஏற்றிவிடுங்கள்.

ஒருவர் டீமை விட்டோ ஷிஃப்டை விட்டோ போகும்போது, மீதிக் காசை அன்றே கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். குழுவின் ஃபில்டர் அவரிடம் இருந்தால் திரும்ப வாங்குங்கள். குரூப்பிலிருந்து அவரை நீக்க வேண்டாம், அவரே போகட்டும். அவருடைய டம்ளரை மட்டும் நன்றாகக் கழுவி அலமாரியில் வையுங்கள். அடுத்த பேட்ச் டிரெய்னிங் முடிந்து ஃப்ளோருக்கு வரும்போது அது தேவைப்படும்.